மல்டிபோர்ட் சீரியல் கார்டும் லினக்ஸ் வழிகாட்டியும்: ஒரு விமர்சனம்

லினக்ஸ் ஆவணத் திட்டத்தின் வழிகாட்டிகளில் ‘சீரியல் ஹவ்டூ’ பழமையானவற்றுள் ஒன்று. கிரெக் ஹேன்கின்ஸ் 1990களின் முற்பகுதியில் இதை எழுதத் தொடங்கினார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் டேவிட் எஸ். லாயர் பொறுப்பேற்று, 2011 வரை திருத்தியும் விரித்தும் வந்தார். ஒரு கணினியில் நான்கு, எட்டு, பதினாறு சீரியல் போர்ட்டுகளைத் தரும் மல்டிபோர்ட் கார்டுகளை லினக்ஸில் எப்படி அமைப்பது என்று தேடுபவர்கள் இன்றும் இந்த ஆவணத்தில்தான் வந்து நிற்கிறார்கள். அந்தப் பகுதியை மையமாக வைத்து ஆவணத்தை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். கேள்விகள் இரண்டு. இன்று ஒருவர் இதை நம்பி வேலையில் இறங்கலாமா? இதை அப்படியே தமிழாக்கினால் போதுமா?

சென்னையில் சீரியல் போர்ட்

சீரியல் போர்ட் என்றால் பழைய மோடம் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். சென்னையின் கணினி வரலாற்றில் அதற்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு. சி. ரங்கராஜன் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழுக்கள் 1984இலும் 1989இலும் தந்த பரிந்துரைகளுக்குப் பிறகு வங்கிக் கிளைகளுக்குள் கணினி வந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கணினி என்பது கட்டுப்படியாகாத செலவு. யூனிக்ஸ் ஓடும் ஒரே கணினி, அதனுள் ஒரு மல்டிபோர்ட் கார்டு, கார்டிலிருந்து கிளை பிரியும் கேபிள்கள், ஒவ்வொரு கேபிளின் நுனியிலும் ஒரு டம்ப் டெர்மினல்: பல கிளைகளும் அலுவலகங்களும் இப்படித்தான் இயங்கின. கார்டு நின்றால் அத்தனை மேசைகளும் ஒரே நேரத்தில் நின்றன.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது முதல் நான்கு நகரங்களில் சென்னையும் ஒன்று. மோடம் வழியே ஷெல் கணக்கில் நுழைந்து வெறும் எழுத்துத் திரையில் இணையத்தைப் பார்த்த தலைமுறைக்கு வேக எண்களும் ‘ஆர்டிஎஸ்-சிடிஎஸ்’ என்ற சொல்லும் மனப்பாடம். அடையாற்றை ஒட்டிய சென்னை ஐஐடி வளாகத்தில் டெனெட் குழு உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசியின் சுவர்க்கருவியிலும் ஓர் ஆர்எஸ்-232 போர்ட் இருந்தது. மோடம் இல்லாமல் கணினியை நேரே அதில் செருகினால் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணையம் கிடைத்தது. தமிழகக் கிராமங்கள் சிலவற்றின் இணையக் கூடங்கள் இந்த வழியில்தான் இயங்கின.

இன்றும் இது முடிந்த கதையல்ல. மின்னணுத் தராசு, ஆய்வகக் கருவி, ஆலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி, நெட்வொர்க் சுவிட்சின் கன்சோல் எனப் பல சாதனங்கள் ஆர்எஸ்-232இல்தான் பேசுகின்றன. பத்து இலட்ச ரூபாய்க் கருவி ஒன்று இன்னும் பதினைந்து ஆண்டு உழைக்கும் நிலையில் இருக்கும்போது, அதோடு பேசும் போர்ட் பழசாகிவிட்டது என்பதற்காக யாரும் கருவியைத் தூக்கி எறிவதில்லை. அதனால்தான் இந்த வழிகாட்டியின் தரம் ஒரு நடைமுறைப் பிரச்சினையாகிறது.

ஆவணம் சரியாகச் செய்வது

முதலில் பாராட்டப்பட வேண்டியதைச் சொல்லிவிடலாம். லாயரின் எழுத்தில் உள்ள பெரிய குணம், கட்டளையைக் கொடுப்பதற்கு முன் காரணத்தைச் சொல்வது. கணினியில் சீரியல் போர்ட்டை இயக்கும் சிப்பின் பெயர் யூஆர்ட். ஒவ்வொரு யூஆர்ட்டுக்கும் ஒரு முகவரியும் ஒரு குறுக்கிடும் கம்பியும், அதாவது ஐஆர்கியூ எண்ணும், வேண்டும். பழைய கணினிகளில் முதல் போர்ட்டுக்கு முகவரி 3எஃப்8, ஐஆர்கியூ 4. இரண்டாவதற்கு 2எஃப்8, ஐஆர்கியூ 3. மூன்றாவது போர்ட் மறுபடியும் 4ஐயும் நான்காவது 3ஐயும் கேட்கும். பழைய ஐஎஸ்ஏ பஸ்ஸில் இரண்டு தனித்தனிக் கார்டுகள் ஒரே ஐஆர்கியூவை நம்பகமாகப் பகிர முடியாது என்பதால், நான்கு போர்ட் வைத்த கணினியில் இரண்டுதான் ஒரே நேரத்தில் உருப்படியாக வேலை செய்யும். மல்டிபோர்ட் கார்டு பிறந்ததன் காரணமே இதுதான். தன் எட்டு போர்ட்டுக்கும் ஒரே ஐஆர்கியூவை வைத்துக்கொண்டு, எந்த போர்ட் அழைத்தது என்பதைத் தன் சுற்றமைப்பிலேயே பிரித்துச் சொல்வது அதன் வேலை. இந்தத் தர்க்கத்தை ஒருமுறை படித்தவருக்கு எந்தக் கார்டைக் கையில் கொடுத்தாலும் எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது சிறப்பு, ‘செட்சீரியல்’ கட்டளையைப் பற்றிய தெளிவு. அந்தக் கட்டளை வன்பொருளின் முகவரியையோ ஐஆர்கியூவையோ மாற்றுவதில்லை. ‘வன்பொருள் இப்படி அமைந்திருக்கிறது’ என்று டிரைவருக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. கார்டில் ஜம்பர் 5இல் இருக்க, கட்டளையில் 10 என்று எழுதினால் கார்டு 5இல்தான் இருக்கும், டிரைவர் 10இல் காத்துக்கொண்டிருக்கும். போர்ட் இருப்பதுபோலத் தெரியும், எழுத்துகள் நிமிடக்கணக்கில் தாமதித்து வரும் அல்லது வராமலே போகும். இந்தக் குழப்பத்தைப் பல கையேடுகள் வளர்த்துவிட்டிருக்கின்றன. லாயர் அதை அலுக்காமல் திரும்பத் திரும்ப உடைக்கிறார்.

மூன்றாவது, பஃபர் பற்றிய விளக்கம். பழைய யூஆர்ட் ஒரே ஓர் எழுத்தைத்தான் தாங்கும், 16550ஏ சிப் 16 எழுத்துகளைத் தாங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் எடை புரியும். 9600 வேகத்தில் ஒரு போர்ட்டில் நொடிக்கு 960 எழுத்துகள் வரும். எட்டு போர்ட்டிலும் ஒரே நேரத்தில் வந்தால் 7680. ஒற்றை எழுத்துப் பஃபர் என்றால் நொடிக்கு 7680 முறை கணினி தன் வேலையை விட்டுவிட்டு வந்து எழுத்தை அள்ள வேண்டும். 1,15,200 வேகத்தில் ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 87 மைக்ரோநொடிதான். அந்த இடைவெளியில் கணினி வராவிட்டால் எழுத்து தொலைந்துவிடும், பிழைச்செய்தியும் பல சமயம் வராது. 386, 486 காலத்தில் இது உயிர்ப் பிரச்சினை.

‘அறிவுள்ள’ கார்டும் ‘மந்த’ கார்டும்

ஆவணம் காலத்திடம் தோற்றுப்போவது இங்கேதான். மல்டிபோர்ட் கார்டுகளை அது இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று ‘மந்த’ கார்டு: சில யூஆர்ட்டுகளை ஒரே பலகையில் அடுக்கியது, எல்லா வேலையும் கணினியின் தலையில். மற்றது ‘அறிவுள்ள’ கார்டு: தனக்கென ஒரு செயலியும் நினைவகமும் வைத்துக்கொண்டு எழுத்துகளைத் தானே திரட்டிக் கணினியிடம் மொத்தமாகக் கொடுப்பது. சைக்ளேட்ஸ், டிஜி, ஸ்டாலியன், ஸ்பெஷலிக்ஸ், காம்ட்ரோல், ஈக்வினாக்ஸ், மோக்சா போன்ற நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. எழுதப்பட்ட காலத்தில் இந்தப் பிரிவினை சரி. பணம் இருந்தால் அறிவுள்ள கார்டு, இல்லாவிட்டால் மந்த கார்டு என்பதே அன்றைய சந்தை அறிவு.

அறிவுள்ள கார்டு ஒவ்வொன்றும் தன் நிறுவனத்துக்கே உரிய மொழியில் பேசும். அதற்குத் தனி டிரைவர் வேண்டும், பல கார்டுகளுக்குக் கணினி எழும்போது ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பும் வேண்டும். நிறுவனம் விற்கப்பட்டால் இரண்டும் அநாதை. ஈக்வினாக்ஸையும் 2006இல் சைக்ளேட்ஸையும் அவோசென்ட் வாங்கியது. ஸ்டாலியன், ஸ்பெஷலிக்ஸ், ரிஸ்காம், டிஜியின் பழைய கார்டுகள் ஆகியவற்றின் டிரைவர்கள் 2011இல் கெர்னலின் ‘ஸ்டேஜிங்’ பகுதிக்கு ஒதுக்கப்பட்டு, பிறகு நீக்கப்பட்டன. 2021இல் வந்த 5.13 கெர்னலோடு சைக்ளேட்ஸ், ராக்கெட்போர்ட், மல்டிடெக் கார்டுகளுக்கான டிரைவர்களும் போய்விட்டன.

மந்த கார்டுகளோ 16550 என்ற பொது இலக்கணத்தைப் பின்பற்றியவை. கெர்னலின் ‘8250’ டிரைவருக்கு அவை எல்லாம் ஒரே இனம். பிசிஐ, பிசிஐ எக்ஸ்பிரஸ் பலகைகளில் வரும் ஆக்ஸ்ஃபோர்டு, எக்ஸார் சிப்கள் 128, 256 எழுத்துப் பஃபரோடு வந்தாலும் அடிப்படையில் அதே குடும்பம்தான். செயலிகளின் வேகம் பல நூறு மடங்கு ஏறிவிட்டதால் நொடிக்கு 7680 குறுக்கீடு என்பதும் இன்று சுமையே அல்ல. ஆக, அதிக விலை கொடுத்து அறிவுள்ள கார்டு வாங்கியவரின் முதலீடு முதலில் செத்தது. மலிவான மந்த கார்டு இன்னும் ஓடுகிறது. கார்டு வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எவ்வளவு திறமையானது’ என்பதைவிட ‘எத்தனை பேர் படிக்கக்கூடிய இலக்கணத்தில் பேசுகிறது’ என்பதுதான். இந்தப் பாடத்தை ஆவணம் எங்கும் சொல்லவில்லை. 2011லேயே நின்றுவிட்ட எழுத்திடம் முழுக் கதையை எதிர்பார்க்க முடியாது. ஆனால் தனியுரிமை டிரைவரை நம்பும் ஆபத்து அன்றே கண்ணுக்குத் தெரிந்த ஒன்றுதான்.

டிரைவர்களை நீக்கியவர்களைக் குற்றம் சொல்வதும் எளிது. அவர்கள் தரப்பில் நியாயம் உண்டு. கெர்னலின் உள்ளமைப்பு மாறும்போதெல்லாம் ஒவ்வொரு டிரைவரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். அந்தக் கார்டு கையில் இல்லாதவர் மாற்றிய நிரல் வேலை செய்கிறதா என்று சோதிக்கவும் வழியில்லை. பராமரிப்பவர் இல்லாத, யாரும் புகார்கூட அனுப்பாத டிரைவரை வைத்திருப்பது பாதுகாப்புக்கும் கேடு. ஆனால் ‘யாரும் புகார் அனுப்பவில்லை’ என்பதற்கு ‘யாரும் பயன்படுத்தவில்லை’ என்று பொருள் கொள்வதில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஓர் ஆய்வகத்தில் பத்தாண்டுப் பழைய கெர்னலோடு பெட்டியைப் பூட்டி வைத்து ஓட்டுபவர் ஆங்கில அஞ்சற்பட்டியலில் எழுதுவதில்லை. அவர் இருப்பது யாருக்கும் தெரியாது. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் இந்த முறையில் முதலில் காணாமல் போவது நம்மைப் போன்ற ஊர்களின் பயனாளர்தான்.

இன்று கையில் எடுத்தால் எங்கே இடறும்

ஆவணத்தைப் பின்பற்றி ஓர் எட்டு போர்ட் பிசிஐ கார்டை இன்றைய டெபியன் அல்லது உபுண்டுவில் அமைக்க முயல்பவர் நான்கு இடங்களில் தடுக்கி விழுவார்.

முதலாவது, எண்ணிக்கை. 8250 டிரைவர் தொடக்கத்தில் எத்தனை போர்ட்டுகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பது கெர்னலைத் தொகுக்கும்போதே தீர்மானிக்கப்படுகிறது. பல வினியோகங்களில் அது நான்குதான். எட்டு போர்ட் கார்டைச் செருகினால் சில போர்ட்டுகள் வரும், மற்றவை வராது. கெர்னல் பதிவில் ‘பதிவு செய்ய முடியவில்லை, −28’ என்றொரு வரி மட்டும் கிடக்கும். 28 என்பது ‘இடமில்லை’ என்ற பிழையின் எண். வட்டில் இடம் இல்லையோ என்று தேடி ஒரு நாள் வீணாகும். உண்மையான மருந்து, கணினி எழும்போது கெர்னலுக்கு ‘8250.என்ஆர்_யூஆர்ட்ஸ்’ என்ற அளவுருவில் 16 அல்லது 32 என்று கொடுப்பது. கார்டு பழுது என்று கடையில் திருப்பிக் கொடுக்கப்படும் கார்டுகளில் எத்தனை இந்த ஒரு வரியால் பிழைத்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

இரண்டாவது, டெர்மினலில் உள்நுழைவுத் திரையைக் கொண்டுவருவது. ஆவணத்தின் உலகில் அதற்கு ‘இனிட்டேப்’ கோப்பு. டெபியன் 2015 முதல் சிஸ்டம்டிக்கு மாறிவிட்டது. இப்போது ஒவ்வொரு போர்ட்டுக்கும் ‘சீரியல்-கெட்டி’ என்ற சேவையை இயக்க வேண்டும். இனிட்டேப்பைத் தேடுபவருக்கு அந்தக் கோப்பே இருக்காது.

மூன்றாவது, அனுமதி. சாதாரணப் பயனர் போர்ட்டைத் திறக்க ‘டயல்அவுட்’ குழுவில் இருக்க வேண்டும். இது தெரியாமல் எல்லாவற்றையும் ரூட்டாகவே ஓட்டுபவர்கள் பலர்.

நான்காவது, கார்டுக்கு வெளியே இருப்பது. அமைவுரை கார்டோடு நின்றுவிடுகிறது. நடைமுறையில் பாதித் தொல்லை கேபிளில். ஆர்எஸ்-232இன் வழக்கமான எல்லை சுமார் 15 மீட்டர். நம் அலுவலகங்களில் கேபிள் மாடிப்படி ஏறி அடுத்த மாடிக்குப் போகும். இரண்டு முனைகளும் வேறு வேறு மின்சாரக் கட்டத்தில், வேறு வேறு எர்த்தில் இருக்கும். ஐப்பசி இடிமழையில் ஒரே இரவில் கார்டின் பாதி போர்ட்டுகள் கருகிப்போவதற்கு எந்த லினக்ஸ் கட்டளையும் பரிகாரம் இல்லை. தூரம் அதிகமென்றால் ஆர்எஸ்-422 அல்லது 485க்கு மாற வேண்டும், இடையே ஒளிவழித் தடுப்பு வைக்க வேண்டும். மூன்று கம்பிக் கேபிளைப் போட்டுவிட்டு வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாட்டை இயக்கினால், வராத சிடிஎஸ் சைகைக்காகப் போர்ட் காத்தே கிடக்கும் என்பதும் அமைவுரையோடு சேர்த்தே சொல்லப்பட வேண்டியது.

யூஎஸ்பி தீர்வா?

‘இந்தத் தலைவலி எதற்கு, ரிச்சி தெருவுக்குப் போனால் சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி-சீரியல் கேபிள் கிடைக்கிறதே’ என்று கேட்கலாம். ஒன்றிரண்டு சாதனங்களுக்கு அதுவே சரியான விடை. எட்டு சாதனங்களுக்கு எட்டுக் கேபிள் என்றால் புதிய சிக்கல் வரும். எந்தக் கேபிளைக் கெர்னல் முதலில் கண்டுகொள்கிறதோ அதற்குப் பூஜ்ஜியம் என்று பெயர். கணினியை மறுபடி எழுப்பினால் வரிசை மாறலாம். நேற்றுத் தராசாக இருந்தது இன்று பில் பிரிண்டர். யூடெவ் உருவாக்கும் ‘பை-ஐடி’, ‘பை-பாத்’ பெயர்களைப் பயன்படுத்தினால் இது தீரும். ஆனால் மலிவான கேபிள்கள் பலவற்றில் தனி வரிசை எண் இருப்பதில்லை, அவற்றுக்கு எந்த ஓட்டையில் செருகப்பட்டிருக்கிறது என்பதே அடையாளம்.

சிப்பின் அசல்தன்மை இன்னொன்று. 2014இல் எஃப்டிடிஐ நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் டிரைவர், போலிச் சிப்களின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கி முடக்கியது. காசு கொடுத்து வாங்கியவர்களில் பலருக்குத் தங்களிடம் இருப்பது போலி என்பதே அப்போதுதான் தெரிந்தது. லினக்ஸ் டிரைவர் அந்தப் பூஜ்ஜிய எண்ணையும் ஏற்றுக்கொண்டு அவற்றை ஓடவைத்தது. கட்டற்ற டிரைவர் யாருக்குக் கட்டுப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தமிழில் எப்படி எழுதுவது

ஆவணத்தை அப்படியே தமிழாக்கினால் போதுமா என்ற கேள்விக்கு வருவோம். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்குகிறது, ஐஐடி வளாகத்தில் மாதந்தோறும் கூடிப் பேசிய வழக்கம் அதற்கு உண்டு. தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுத 2012இல் ‘கணியம்’ தொடங்கியது. ஆர்வத்துக்கும் ஆளுக்கும் குறைவில்லை. ஆனால் எழுதப்படுவதில் பெரும்பகுதி மென்பொருள். கம்பியும் கார்டும் பற்றிய அறிவு பெரும்பாலும் வாய்வழியாகவே, ஒரு டெக்னீஷியனிடமிருந்து அடுத்தவருக்குப் போகிறது. அவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் போய்விடுகிறது.

கலைச்சொல் இங்கே வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. ‘குறுக்கீடு’ என்பதை ஐஆர்கியூவின் இன்டரப்டுக்கும் பயன்படுத்துகிறோம், கம்பியில் நுழையும் மின்இரைச்சலுக்கும் பயன்படுத்துகிறோம். ‘குறுக்கீட்டினால் எழுத்துகள் தொலைகின்றன’ என்று ஒரு சீரியல் கையேடு சொன்னால் கேபிளை மாற்றுவதா, கார்டின் அமைப்பை மாற்றுவதா? இரண்டும் ஒரே பக்கத்தில் வரும் துறை இது. ‘தொடர் துறை’ என்ற சொல்லாக்கமும் அப்படியே. துறைமுகத்தின் துறை அழகான உவமைதான். ஆனால் அரசுத் துறையும் பாடத்துறையும் நிறைந்த வாசகர் மனத்தில் அது போர்ட்டாக ஒட்டுவதில்லை. இன்டரப்டு, போர்ட், கார்டு என்று கடையில் சொல்வதையே எழுதி, முதல் முறை மட்டும் பொருளை விளக்குவது மேல். தூய்மையைவிட ஐயமின்மை முக்கியமான இடம் இது.

ஆகவே தேவை ஒரு மொழிபெயர்ப்பு அல்ல, நேராகத் தமிழில் எழுதப்பட்ட புதிய கையேடு. அதில் குறைந்தது இவை வேண்டும்:

1. கார்டு வாங்குமுன் பார்க்க வேண்டியது: எந்தச் சிப், அது 8250 டிரைவரின் கீழ் வருகிறதா, தனி டிரைவர் கேட்கிறதா.

2. செருகிய பிறகு சோதிக்கும் வரிசை: ‘எல்எஸ்பிசிஐ’யில் கார்டு தெரிகிறதா, கெர்னல் பதிவில் எத்தனை போர்ட் பதிவாகியது, −28 பிழை உள்ளதா.

3. கருவியை இணைக்கும் முன் போர்ட்டைத் தனியே சோதிப்பது: ஓட்டக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு, ஒன்பது ஊசி இணைப்பியின் 2ஆம் 3ஆம் ஊசிகளைச் சேர்த்து, தட்டிய எழுத்து திரும்பி வருகிறதா என்று மினிகாமில் பார்ப்பது.

4. கேபிள், எர்த், இடி, தூரம்.

5. எந்த போர்ட்டில் எந்தக் கருவி, என்ன வேகம், எந்த ஓட்டக் கட்டுப்பாடு என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டுவது.

மதிப்பீடு

‘சீரியல் ஹவ்டூ’வின் விளக்கப் பகுதிகள் இன்றும் படிக்கத் தகுந்தவை. யூஆர்ட், பஃபர், இன்டரப்டு, செட்சீரியல் பற்றி அதைவிடப் பொறுமையாக எழுதப்பட்ட இலவச ஆவணம் கிடைப்பது கடினம். அதன் செயல்முறைப் பகுதிகளையும் கார்டுப் பட்டியலையும் வரலாறாகப் படிக்கலாம், பின்பற்றக் கூடாது. ஒரே ஆவணத்தில் இந்த இரண்டும் எந்த எல்லைக்கோடும் இல்லாமல் கலந்துகிடப்பதுதான் அதன் பெரிய குறை. புதிதாக வருபவருக்கு எது நிலைத்தது, எது காலாவதியானது என்று பிரிக்கத் தெரியாது. பிரிக்கத் தெரிந்தவருக்கு இந்த ஆவணம் அவ்வளவாகத் தேவைப்படாது.

இதற்கு லாயரைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஊதியமின்றி பத்தாண்டுகளுக்கு மேல் ஒருவர் தனியே தாங்கிய வேலை இது. அவருக்குப் பின் தாங்க ஆள் வரவில்லை என்பதே உண்மை. டிரைவர்களுக்கு நேர்ந்ததே ஆவணத்துக்கும் நேர்ந்தது. ஒரு போர்ட்டாவது வேலை செய்ய வைத்தவர், எந்தக் கார்டு, எந்தக் கெர்னல், என்ன செய்தபோது ஓடியது என்று தமிழில் அரைப் பக்கம் எழுதி வைத்தால், அடுத்த ஆய்வகத்தில் ஒரு கருவி குப்பைக்குப் போகாமல் தப்பும்.